முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள்: காபி மேக்கர் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் 15 வருஷமாக மிக்ஸி, கிரைண்டர், காபி மேக்கர் பழுது பார்க்கிறேன். சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறங்குகிற அந்தக் கரண்ட் மெஷினைப் பற்றி எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் பழுதே கிடையாது, உள்ளே உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் யார் கேட்டாலும் முதலில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

சித்தூர் (ஆந்திரா): அண்ணா, வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. முன்பெல்லாம் ஒரு ஜாடி ஏழெட்டு நிமிஷத்தில் இறங்கிவிடும். இப்போது இருபது நிமிஷம் ஆகிறது, கடகடவென்று சத்தம், ஆவியும் நிறைய வருகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

உங்கள் சித்தூரும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரும் பெயரில் மட்டுமில்லை, போர் தண்ணீரிலும் ஒன்றுதான். சோறு வடிக்கிற பானையின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் மெஷினுக்குள்ளும் படிந்திருக்கிறது. இந்த மெஷினில் பம்பு கிடையாது. ஜாடி உட்காருகிற சூட்டுத் தட்டுக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு அலுமினியக் குழாய் வளைந்து போகும், தண்ணீர் அதில் கொதித்து, ஆவிக் குமிழிகள் தள்ளித் தள்ளித்தான் மேலே ஏறி காபித்தூளில் விழுகிறது. குழாயில் உப்பு படிந்தால் வழியும் குறுகுகிறது, சூடும் தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. தண்ணீர் திரும்பித் தொட்டிக்கு வராமல் தடுக்க ஒரு குட்டி வால்வு இருக்கும், அதிலும் உப்பு சிக்கியிருந்தால் இந்தக் கடகட சத்தம் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். வெள்ளை வினிகர் பாதி, தண்ணீர் பாதி கலந்து தொட்டியை நிரப்புங்கள். தூள் போடாமல் ஓட விடுங்கள், பாதி இறங்கியதும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அந்த அரை மணி நேரம்தான் வேலை செய்கிறது, அவசரப்பட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினால் புளிப்பு உப்பைக் கரைக்க நேரமே கிடைக்காது. அப்புறம் மிச்சத்தையும் ஓட விடுங்கள். ஜாடியில் வெள்ளைச் செதில் விழுந்தால் பயப்பட வேண்டாம், அது வெளியே வருவது நல்லதுதான். எட்டு மாசப் படிவு ஒரே தடவையில் போகாது, இன்னொரு முறையும் செய்யுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று ஜாடி ஓட்டிக் கழுவிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஊற்றாதீர்கள். ஒரு வீட்டில் ஊற்றி, குழாய் அரித்து ஓட்டை விழுந்து, கரண்ட் பாகமெல்லாம் நனைந்து மெஷின் என்னிடம் வந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே சித்தூர்: செய்தேன் அண்ணா, சத்தம் போய்விட்டது! ஆனால் வினிகர் வாசனைக்கு மாமியார் காபியே வேண்டாம் என்கிறார். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போடலாமா?

தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, நன்றாகக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். வாசனையே இருக்காது. எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்ற வேண்டாம், சக்கை போய் அடைத்துக்கொள்ளும். இப்போதைக்கு இன்னும் இரண்டு ஜாடி வெறும் தண்ணீர் ஓட்டுங்கள், வாசனை போய்விடும், அம்மாவும் குடிப்பார்.

நகரி: எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

போர் தண்ணீர் என்றால் மாசம் ஒரு முறை, ஆற்றுத் தண்ணீர் என்றால் மூன்று மாசம். இதைவிட நல்ல கணக்கு கடிகாரம்தான்: சுத்தமாக இருக்கும்போது ஒரு ஜாடி இறங்க எத்தனை நிமிஷம் என்று குறித்து வையுங்கள், இரண்டு நிமிஷம் கூடினால் வினிகரை எடுங்கள்.

வேலந்தாவளம்: எங்களுக்கும் போர்தான் சார். கொதிக்க வைத்து ஊற்றினால் உப்பு படியாதா?

நல்ல கேள்வி. கொதிக்க வைத்தால் தண்ணீரின் கடினத்தன்மையில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பானையிலேயே தங்கிவிடும். ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் மேலாக மொண்டு ஊற்றினால் மெஷினில் படிவது குறையும். முழுக்க நிற்காது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. 600க்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீரை மெஷின் ரொம்ப நாள் தாங்காது. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீரையே ஊற்றுங்கள். இன்னொன்று, காபிக்கு சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன்: நம் பக்கம் சில கிணறுகளில் ஃப்ளோரைடு உண்டு, அது கொதிக்க வைத்தால் போகாது. குழந்தைகள் குடிக்கிற தண்ணீரை ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

மூணாறு: அண்ணே, எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர், உப்பே கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் தூள் போடுகிற கூடையில் பூசணம், தொட்டியில் ஒரு முடை நாற்றம்.

உங்களுக்கு உப்பு வியாதி இல்லை, ஈர வியாதி. காலையில் காபி போட்டுவிட்டுச் சக்கையை அப்படியே விட்டு எஸ்டேட் வேலைக்குப் போனால், அந்த ஈரத்துக்குச் சாயங்காலத்துக்குள் கெடத் தொடங்கிவிடும். காபி இறங்கியதும் சக்கையைக் கொட்டுங்கள் (ரோஜாச் செடிக்குப் போடலாம்), கூடையைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் கழுவி வெளியே கவிழ்த்து வையுங்கள். தொட்டியில் மிச்சத் தண்ணீர் நிற்கக்கூடாது, மூடி திறந்தே இருக்கட்டும், கரப்பான் போகாமல் மேலே ஒரு மெல்லிய துணி. இப்போதுள்ள நாற்றத்துக்கு வினிகர் ஒரு ஓட்டம் போதும்.

குமுளி: பாட்டி தொட்டியிலேயே கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி சுக்குக்காப்பி போட்டுவிட்டார். இப்போது ஒன்றும் இறங்கவில்லை.

பாட்டியைத் திட்டாதீர்கள். தொட்டிக்கு வெறும் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது, பாலும் ஆகாது, என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கருப்பட்டி குழாய்க்குள் பாகாகி ஒட்டியிருக்கும். இதற்கு வினிகர் தேவையில்லை, இனிப்பு வெந்நீரில் கரையும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள். தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை நாலைந்து தடவை. வெளிப்பக்கத்து ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பாகு கருகிப் பிடித்திருந்தால் குழாயைக் கழற்றத்தான் வேண்டும். சுக்குக்காப்பிக்கு அடுப்புதான் சரி.

செங்கோட்டை: ஃபில்டர் காபித்தூள் போட்டால் கூடை பொங்கி வழிகிறது. மெஷின் கோளாறா?

இல்லை, தூள்தான். நம் பித்தளை ஃபில்டருக்கு அரைக்கிற தூள் நைசு, அதோடு சிக்கரியும் சேர்ந்தால் பசை மாதிரி ஆகிக் கூடையில் வடிகட்டப் போடுகிற காகிதத்தை அடைக்கும். கடையில் சிக்கரி இல்லாமல், ரவை மாதிரி அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரி இல்லாமல் வீட்டில் குடிக்க மாட்டார்கள் என்றால் தூளைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

கூடலூர்: கண்ணாடி ஜாடி பழுப்பாகிவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். வினிகர் மிச்சம் இருக்கிற ஜாடியில் அது விழுந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. ஜாடி நன்றாக ஆறிய பிறகு ஒரு பிடி அரிசி, சோப்பு, கொஞ்சம் தண்ணீர் போட்டுச் சுழற்றுங்கள். அந்தப் பழுப்பு காபியின் எண்ணெய், அது சோப்புக்குத்தான் போகும். சூட்டுத் தட்டை, பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்ட பிறகு, ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி ஈரத் துணியால் துடையுங்கள், கம்பி நார் போடாதீர்கள்.

பாலக்காடு: லைட் எரிகிறது, சூடாகவில்லை. ஃபியூஸ் போயிருக்கிறது, ஒயரை நேராகச் சேர்த்துவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக்.

அவரிடம் கொடுக்காதீர்கள். அது மெஷின் அளவுக்கு மீறிச் சுட்டால் கரண்டைத் துண்டிக்கிற ஃபியூஸ். அதை ஒதுக்கி நேராக இணைத்தால், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் கெட்டுப்போகும்போது தடுக்க ஒன்றும் இருக்காது, பிளாஸ்டிக் உருகித் தீ பிடிக்கலாம். அதே அளவு ஃபியூஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள், விலை அதிகமில்லை. ஃபியூஸ் ஏன் போயிற்று என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அனேகமாக குழாயில் உப்புதான் இருக்கும். சரி, நீங்கள் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?