பதினைந்தாம் நாள் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 44. மடிப்பாக்கத்தில் வீடு, கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து பாசுரம் சொன்னேன். தை பிறந்ததும் விட்டுப்போயிற்று. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பங்குனி 1 அன்று 48 நாள் விரதம் ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் பதினைந்து நாளைத் தாண்டவில்லை. ஜபம் செய்யும்போது வாய் பாட்டுக்குச் சொல்கிறது, மனசு ‘கேஸ் புக் பண்ணணுமே’ என்று ஓடுகிறது. காலையில் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். இந்தச் சித்திரையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து, ஒரு வேளை சாப்பாடு, மௌனம், வாட்ஸ்அப் கிடையாது என்று முழுசாக மாறிவிட நினைக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எப்படித் தொடங்குவது?
- பெயர் வேண்டாம், சென்னை-91

பதில்: முதலில் காலண்டரை எடுங்கள், சகோதரி. பங்குனி 1 என்றால் மார்ச் 14 அல்லது 15. அதிலிருந்து பதினைந்து நாள் எண்ணினால் மார்ச் கடைசி. உங்கள் ஆபீசில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற வாரம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் விடியற்காலையில் எழ முடியாமல் போனதில் பக்திக் குறைச்சல் எங்கிருந்து வந்தது? தேதிதான் தப்பு. இரண்டு வருடமாக அதற்காக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மார்கழி கதை வேறு. அந்த மாதம் ஊரே உங்களோடு எழுந்திருக்கிறது. கோயில் ஸ்பீக்கர், எதிர்வீட்டுக் கோலம், பிரசாதப் பொங்கல், இன்றைக்கு எந்தப் பாசுரம் என்பதுகூட முன்பே முடிவான விஷயம். தை முதல் தேதியோடு அந்தத் துணையெல்லாம் கலைந்துவிடும். சித்திரையில் அதை நீங்களாகக் கட்டிக்கொள்ள வேண்டும், அதனால் அளவு சிறிசாக இருக்கட்டும்.

ஆகவே இப்போது, பங்குனியில், எதையும் தொடங்காதீர்கள். மயிலாப்பூரில் பெருவிழா நடக்கிற மாதம் இது. மூன்றாம் நாள் காலை அதிகார நந்தியோ எட்டாம் நாள் அறுபத்து மூவரோ, ஒரு நாள் போய் வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், போதும். சித்திரை 1 அன்றும் வேண்டாம். பச்சடி, வடை, பாயசம், வந்து போகிறவர்கள் என்று அன்றைக்கு உட்கார நேரம் இருக்காது. சித்திரை 2, அதாவது ஏப்ரல் 15 வாக்கில் ஆரம்பியுங்கள்.

48 வேண்டாம், 28 போதும். மண்டலம் என்பதற்கே எல்லா இடத்திலும் ஒரே கணக்கு கிடையாது. சித்த மருந்துக்கு 48 நாள், ஐயப்பனுக்கு 41. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள், அது 28 நாள். உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் தாங்கக்கூடிய கணக்கு அதுதான்.

இந்த 28 நாளில் நாலு நாள் விடலாம் என்று இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். ஒரே நிபந்தனை, அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது. விட்டதை மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டவும் கூடாது. ஒரு நாளைக்கு உட்காருகிற பதினைந்து நிமிஷம் முப்பதாகும், அதுவும் முடியாமல் மூன்றாம் நாள் நாற்பத்தைந்தாகும், நாலாம் நாள் பாயையே விரிக்க மாட்டீர்கள். பெரும்பாலான விரதங்கள் அறுவது இப்படித்தான். விட்ட நாளைவிட, விட்டதற்காக வெட்கப்பட்டு ஒதுங்குகிற நாள்கள்தான் அதிகம். இது சலுகை என்று கூச்சப்பட வேண்டாம். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தைப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறைக் கழித்துத்தான் நாற்பது என்கிறார்கள். விடுமுறையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நாலு மணியும் வேண்டாம். பதினோரு மணிக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்; காலை எரிச்சல் இன்னும் ஏறும். ஐந்தேகால் சரியான நேரம். தையில் ஆறரையை ஒட்டி உதித்த சூரியன் சித்திரை பிறக்கும்போது ஆறு மணிக்குள் வந்துவிடுவதால் எழுந்திருப்பது முன்பைவிடச் சுலபம். வசந்தம் என்றதும் குளுகுளுவென்று ஏதோ நினைப்பு வரும். சென்னையில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், அதாவது நடுவில் கத்திரியும் சேர்த்து. ஏழு மணிக்கு மேல் இங்கே வியர்வை துடைக்கத்தான் நேரம் இருக்கும். மொட்டை மாடித் தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும், ஐந்தரைக்குத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்கும். அங்கேயே பாய் போடலாம். முட்டி வலித்தால் நாற்காலி, ஆனால் சாயாமல். கட்டில் மட்டும் கூடாது. அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொண்டு போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள்.

இனி அந்தக் கேஸ் சிலிண்டர். மனப்பாடமான பாட்டை வாய் பழக்கத்தில் சொல்லிவிடும், மனசுக்கு அங்கே வேலை இல்லை, அதனால் வெளியே கிளம்புகிறது. வேலை கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. முதல் தடவை, தெரிந்த பாட்டானாலும் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக. இரண்டாவது தடவை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, ஒரு மூச்சை முழுசாக வெளியே விட்டபின் அடுத்த வரி. மூன்றாவது தடவை வாயால் சொல்லாமல் நோட்டில் எழுதுங்கள். இதற்குப் பத்து நிமிஷம். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். கேஸ் ஞாபகம் வந்தால் ‘கேஸ்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதி வைத்ததை மனசு திரும்பத் திரும்பக் கொண்டுவருவது குறையும். கடைசி ஐந்து நிமிஷம் வெளிமூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள், தவறினால் மறுபடி ஒன்று. முதல் வாரத்தில் மூன்றைத் தாண்ட முடியாது, நாலும் ஐந்தும் எங்கே போயின என்றே தெரியாது. தவறியதைக் கவனித்து ஒன்றுக்குத் திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. சும்மா வெறுமையாக இருந்தால் தியானம் கைகூடியது என்று எண்ணி, அது வரவில்லையே என்று விடுபவர்கள்தான் அதிகம்.

கோபத்துக்கு முதல் ஏழு நாள் ஒன்றும் செய்ய வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள். எத்தனை மணி, யார் மேல், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அநேகமாக எல்லாம் ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள், டிபன் பாக்ஸுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவில்தான் விழுந்திருக்கும். அப்படியானால் முந்தின ராத்திரியே காயை நறுக்கி வையுங்கள், யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டுங்கள். ஆன்மிகம் கேட்டால் கத்தரிக்காய் நறுக்கச் சொல்கிறார்களே என்று தோன்றலாம். தோன்றட்டும். மிச்சம் இருக்கிற கோபத்துக்கு, பேசுவதற்கு முன் அடுப்பைச் சிம்மில் வைத்து ஒரு நீண்ட வெளிமூச்சு. அதையும் மீறிக் கத்திவிட்டால் அன்று மாலைக்குள் “காலைல கத்திட்டேன், தப்பு” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். “ஆனா நீ...” என்று ஆரம்பித்தால் இரண்டாம் ரவுண்டு தொடங்கிவிடும்.

மௌனம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், வீட்டில் சொல்லிவிட்டு. சொல்லாமல் இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பார்கள். வாட்ஸ்அப்பைப் போனிலிருந்து நீக்க வேண்டாம், ஆபீஸ் குரூப் இருக்கும். காலை ஏழுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் தொடாதீர்கள்.

ஒரு வேளைச் சாப்பாடு உங்களுக்குக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மெட்பார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. எது என்று சீட்டோடு போய் டாக்டரிடம் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் விரதம் அங்கேயே முடிந்தது; மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். பானகமும் அன்றாடத்துக்கு வேண்டாம், வெல்லமும் சர்க்கரைதான். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்ட நீர்மோர் போதும். ஏதாவது விட்டே ஆக வேண்டும் என்றால் சாயங்கால ஆபீஸ் பஜ்ஜியை விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எதிலும் ருசியில்லை, தூக்கமில்லை, அழுகையாக வருகிறது என்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு விரதம் மருந்தல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கைவேலையாக ஒன்று சொல்கிறோம். இந்தப் பருவத்தில் தெருவுக்கு ஒரு வேப்பமரமாவது பூத்து நிற்கும். சனிக்கிழமை ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டு விடியற்காலையில் போய் எடுங்கள். முறத்தில் போட்டுக் காம்பும் சருகும் போகப் புடைத்து, இரண்டு மூன்று நாள் காயவைத்தால், உள்ளங்கை கொள்ளாத பூ ஒரு சிட்டிகையாகச் சுருங்கியிருக்கும். நன்றாகக் காய்ந்தபின் பாட்டிலில் போடுங்கள், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ரசத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கின பிறகு மேலே போடவேண்டும். சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கி வீட்டில் ஒருத்தரும் தொட மாட்டார்கள். காலைக் கோபம் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.