கன்னியின் நீல அங்கி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் லண்டன் நேஷனல் கேலரியில் பழைய இத்தாலிய ஓவியங்களைப் பார்த்தேன். பல படங்களில் கன்னி மரியாள் நீல அங்கி அணிந்திருக்கிறாள். நீலம் வானத்தையும் தூய்மையையும் குறிக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். அவ்வளவுதானா? இந்த நீலத்தை வாங்கியே டச்சு ஓவியர் வெர்மீர் கடனாளியானார் என்கிறார்களே, உண்மையா? இந்த நீலத்தைத் தரும் லாபிஸ் லசூலிக் கல்லை மோதிரத்தில் பதித்து அணிந்தால் மன அமைதி கிடைக்குமாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது, இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஓவியக் கையேட்டை மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் இத்தனை விரைவாக வருகிறது.

வெர்மீரை முதலில் முடித்துவிடுகிறேன். 1672இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் ஹாலந்தில் ஓவியம் வாங்க ஆளில்லாமல் போயிற்று; அவருக்கோ வீடு நிறையப் பிள்ளைகள். பாவம், நீலத்தின் மேல் ஏன் பழி போட வேண்டும்?

வானம், தூய்மை என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அது பொய்யல்ல, ஆனால் அதைச் சொல்லிவிட்டால் படத்தைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைக்கிறோமே, அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் பொறுக்க முடிவதில்லை. நீங்களும் 'அவ்வளவுதானா' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே எழுதுகிறேன். 1485இல் ஃப்ளோரன்ஸின் இன்னொசெந்தி அனாதை இல்லம் குழந்தை இயேசுவை மூன்று ஞானியர் வணங்கும் படம் ஒன்றை ஓவியர் கிர்லாண்டாயோவிடம் வரையச் சொன்னபோது எழுதிய ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. படத்துக்குக் கூலி 115 ஃப்ளோரின் பொற்காசு. நீலமோ அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் அளவுக்கு விலையுள்ள அல்ட்ராமரைனாகவே, அதாவது லாபிஸ் லசூலியிலிருந்து எடுத்த நீலமாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. வானத்தைப் பற்றி ஒப்பந்தம் எழுதியவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. செம்புத் தாதுவிலிருந்து வரும் அசுரைட் என்ற மலிவான நீலத்தைப் பூசி ஓவியர் ஏமாற்றிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. கடவுளின் தாய்க்குக் கையில் இருப்பதில் விலை உயர்ந்ததைப் போர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் அந்த விலை? ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில், சர்-இ-சங் சுரங்கத்தில் வெட்டிய கல் வெனிஸ் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த தூரம் ஒரு காரணம். ஆனால் தூரத்தை எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் பேச விரும்புவது கல்லிலிருந்து வண்ணத்தை எடுக்கும் வேலையை. சென்னையில் ஓவிய நண்பர் ஒருவர் ஒருமுறை நல்ல லாபிஸ் துண்டு ஒன்றை வாங்கி இடித்து, சலித்து, அம்மியில் வைத்து அரைத்தார். அரைக்க அரைக்க நீலம் செத்து, கடைசியில் சிமெண்ட் நிறத்தில் ஒரு பொடிதான் மிஞ்சியது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் திட்டித் தீர்த்தார். கடைக்காரன் மேல் குற்றமில்லை. அந்தக் கல்லில் நீலத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் பின்னிக் கிடக்கின்றன. வெறுமனே அரைத்தால் எல்லாம் கலந்து சாம்பல் பூத்துவிடும்.

சென்னினி சொல்லும் வழியைக் கேளுங்கள். ஒரு பவுண்டு கல் பொடிக்கு ஆறு அவுன்ஸ் பைன் பிசின், மூன்று அவுன்ஸ் மாஸ்டிக் பிசின், மூன்று அவுன்ஸ் புது மெழுகு ஆகியவற்றை உருக்கிச் சேர்த்துப் பிசைய வேண்டும். குறைந்தது மூன்று பகலும் மூன்று இரவும் அந்த உருண்டையை வைத்திருந்து நாள்தோறும் பிசைய வேண்டும். பிறகு வெதுவெதுப்பான சாம்பல் காரநீரில் அதை இட்டு, இரண்டு கைகளிலும் குச்சி பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தால், கசடு பிசினுக்குள் தங்க, நீலம் மட்டும் நீரில் இறங்கும். முதலில் இறங்குவதுதான் உயர்ந்தது. பிசையப் பிசைய வெளிறிக்கொண்டே போய், கடைசியில் வருவது சாம்பலுக்குச் சமம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, இது ஆண்களைவிட அழகிய இளம்பெண்களுக்கு ஏற்ற வேலை என்கிறார். அவர்கள் எப்போதும் வீட்டில் இருப்பவர்களாம், அவர்களுடைய கைகள் மென்மையானவையாம். கூடவே, கிழவிகளிடம் எச்சரிக்கையாக இருக்கவும் சொல்கிறார்! மூன்று நாள் கைவலியை யாரிடம் தள்ளிவிட்டார்கள் என்று பாருங்கள். கிர்லாண்டாயோவின் ஒப்பந்தத்தில் நீலத்தின் விலை இருக்கிறது. அதைப் பிசைந்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆனால் ஒரு பெண்ணின் பல் சாட்சி சொல்லியிருக்கிறது. ஜெர்மனியின் டால்ஹைமில் இருந்த பெண்துறவியர் மடத்து இடுகாட்டில் கிடைத்த எலும்புக்கூடு அது. 997க்கும் 1162க்கும் இடைப்பட்ட காலத்தவர். இறக்கும்போது வயது 45 முதல் 60 வரை இருக்கலாம். அவருடைய பற்காறையைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்களைக் கண்டார்கள். அது லாபிஸ் லசூலி என்பது 2019இல் வெளியானது. ஏட்டுக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியிருப்பார் என்பதே அவர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வண்ணப்பொடி தயாரிக்கும்போது வாயில் போயிருக்கவும் கூடும். இரண்டில் எதுவானாலும், சென்னினி அஞ்சிய வயதுக்காரி ஒருத்தியின் கையில், அவருக்கு முன்பே, ஐரோப்பாவின் ஆக விலையுயர்ந்த வண்ணத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை வழிகாட்டி வானம், தூய்மை என்று ஆரம்பித்தால் இவரைப் பற்றிக் கேளுங்கள்.

மோதிரம் பற்றிய கேள்வியை உங்கள் நகைக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எப்படியும் உண்டு என்றுதான் சொல்வார்.