நிலம் இல்லாத திணை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். அந்த வீடியோ செய்திகள் எப்போது வரும் என்று தெரியும், அவற்றில் என்ன இருக்கும் என்றும் தெரியும். இருந்தும் அழுதுவிட்டேன். கூட இருந்த நண்பர் சிரித்தார். "இது கணக்குப் போட்டு அழ வைக்கிற வேலை. இசையை நிறுத்திவிட்டுப் பார், ஒன்றும் இருக்காது. அறிவியலும் பாதி புருடா" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. குடும்பப் படங்களில் யாராவது செத்தால்கூட எனக்குக் கண் கலங்குவதில்லை. அவை என் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கதைகள். விண்வெளிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் அங்கே போகப்போவதில்லை, எனக்குத் தெரிந்த யாரும் போனதில்லை. அப்படியிருக்க, ஒரு கலம் பூமியை விட்டு விலகும் காட்சி வந்தாலே தொண்டை அடைக்கிறது. பிரம்மாண்டத்தைப் பார்த்து வரும் வியப்பைத்தான் நான் துக்கம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறேனா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

வியப்பில் அழுகிறவர்கள் உண்டு. ஆனால் வியப்பு மூன்றாவது தடவை வரை தாங்காது. வரப்போவது எல்லாம் தெரிந்த பிறகும் தொண்டை அடைக்கிறது என்றால் அது வேறெங்கிருந்தோ வருகிறது.

நீங்கள் சொன்ன காட்சியையே எடுத்துக்கொள்வோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மனிதர் வாழ வேறு இடம் தேடிப் போகிற கலத்தில் ஒரு தகப்பன் இருக்கிறான். கருந்துளை ஒன்றின் பக்கத்தில் இருக்கும் கோளில் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு வருடம் கழிந்துவிடும். எவ்வளவோ அவசரப்பட்டும் தாமதமாகிறது. திரும்பி வந்து பார்த்தால் 23 வருடம் போய்விட்டது. அத்தனை வருடமும் பூமியிலிருந்து வந்து சேர்ந்த செய்திகளை அவன் உட்கார்ந்து பார்க்கிறான். சிறுவனாக விட்டுவிட்டு வந்த மகன் வளர்ந்து, மணமாகி, தன் குழந்தையைக் காட்டுகிறான். அப்புறம் ஒரு செய்தியில், தாத்தா போன வாரம் இறந்துவிட்டார் என்கிறான். புதைத்த இடத்தைச் சொல்லும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் என்று சொல்லி, கூடவே அந்தக் குழந்தையின் பெயரையும் சொல்கிறான். குழந்தை இறந்த செய்தி தகப்பனுக்குக் கிடைப்பது அப்படித்தான். பேரன் பிறந்ததும் போனதும் சில நிமிட இடைவெளியில். சேர்த்துவைத்த துக்கத்தை எல்லாம் ஒரே மூச்சில் குடிக்க வேண்டியிருக்கிறது. அவன் பதில் அனுப்பவும் வழியில்லை.

இந்த இடத்தில் இசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வலி குறையாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இசையைப் பற்றி உங்கள் நண்பருக்கு ஒரு தகவலும் உண்டு. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன், இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரிடம் முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அது ஒரு தகப்பனையும் குழந்தையையும் பற்றியது. விண்வெளி என்றோ கருந்துளை என்றோ அதில் ஒன்றும் இல்லை. அதை வைத்து ஸிம்மர் போட்ட சின்ன மெட்டுதான் படத்தின் இசைக்கு விதை. பிரம்மாண்டத்துக்கு எழுதிய இசை இல்லை அது, பிரிவுக்கு எழுதியது.

அறிவியல் பாதி புருடா என்பதையும் நான் ஏற்கவில்லை. கருந்துளைக்குள் விழுந்த பிறகு நடப்பதெல்லாம் கற்பனை, அதை விட்டுவிடலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஏழு வருடம் என்ற கணக்கை இயற்பியலாளர் கிப் தோர்ன் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழன்றால் அது நடக்கக்கூடியதுதான். படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த அவருக்கு 2017-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த வேலைக்காக. ஈர்ப்பு கூடும் இடத்தில் காலம் மெதுவாகப் போகும் என்பது நம் கையில் இருக்கும் போனுக்கும் தெரிந்த விஷயம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி முந்தி ஓடுகின்றன. அதைச் சரிசெய்யாவிட்டால் வரைபடம் நம்மைத் தப்பான தெருவில் நிறுத்திவிடும்.

இதை நண்பருக்கு மறுப்பாக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் துக்கம் பிறக்கும் இடமே அறிவியல்தான். குடும்பப் படத்தில் உங்களுக்கு ஏன் அழுகை வரவில்லை என்று கேட்டீர்கள். அங்கே ஒருவர் மனம் வைத்திருந்தால் அந்தச் சோகம் நடந்திருக்காது. அண்ணன் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருக்கலாம், கடிதம் சரியான கைக்குப் போயிருக்கலாம். பார்க்கிற நாம் பாதி நேரம் துக்கப்படாமல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோம். விண்வெளிப் படத்தில் கோபப்பட ஆளே இல்லை. ஒளியின் வேகத்தை யாரும் காலில் விழுந்து மாற்ற முடியாது. செவ்வாயிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். அங்கிருந்து ஒருவர் "வலிக்கிறது" என்கிறார். "எங்கே?" என்று நாம் கேட்டு அதற்குப் பதில் வருவதற்குள் முக்கால் மணி நேரம்கூடப் போய்விடலாம். இதில் யார் பேரில் பழி போடுவது? பழைய கதைகளில் ஊழ் இருந்த இடத்தில் இங்கே இயற்பியல் இருக்கிறது. அதனால்தான் கணக்கைத் தளர்த்துகிற படங்கள் என்னை அசைப்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்தி எந்த நட்சத்திரத்திலிருந்தும் வீட்டுக்குப் பேசலாம் என்றால் அங்கே பிரிவே கிடையாது.

பிரிவு என்ற சொல் வந்துவிட்டது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொல்கிறது. ஒரு கவிதையில் மனிதர் என்ன உணர்கிறார்கள் என்பதற்கு முன்னால் எங்கே, எப்போது என்ற இரண்டும் வந்து நின்றுகொள்கின்றன. பள்ளியில் இதைப் படித்தபோது ஒரு வகைப்பாடு என்று மட்டுமே நினைத்தேன். பல வருடம் கழித்து இந்தப் படங்களைப் பார்த்துத்தான் அதன் ஆழம் எனக்குப் பிடிபட்டது. இங்கே இடமும் காலமும் பின்னணியாகச் சும்மா நிற்பதில்லை, அவைதான் கதையை நடத்துகின்றன. இடத்தால் தூரம் போனவனுக்குக் காலமும் சேர்ந்து கைவிட்டுப் போகிறது. இன்னொன்றும் உண்டு. குறிஞ்சி, முல்லை என்று நிலத்தோடு உணர்வைச் சேர்த்துப் பிரித்த ஐந்து திணைகளில் நடுவில் உள்ள பாலைக்கு மட்டும் தொல்காப்பியம் நிலம் ஒதுக்கவில்லை. பாலையின் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய உணர்வு, பிரிதல். நிலமே இல்லாத அந்தத் திணைக்கு, கால் வைக்கத் தரையே இல்லாத விண்வெளியைவிடப் பொருத்தமான இடம் எது? பொருள் தேடிப் போகிறவனும், அவன் போகும் வழியின் கொடுமையும், போகாதே என்று சொல்ல முடியாமல் நிற்கும் ஒருத்தியும் நமக்கு இரண்டாயிரம் வருடமாகப் பழக்கம். விண்வெளிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, சம்பந்தம் இதுதான்.

ஆனால் அழுவது யாருக்காக? போகிறவருக்காகவா?

1969 ஜூலையில் இரண்டு பேர் நிலவில் நடந்துகொண்டிருந்தபோது மைக்கேல் காலின்ஸ் தனி ஆளாகக் கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது சுமார் 48 நிமிடம் ரேடியோ கிடையாது. ஒரு பக்கம் இரண்டு பேர், இன்னொரு பக்கம் மிச்ச மனிதகுலம் முழுக்க, இந்தப் பக்கம் அவர் மட்டும். உலகம் அவரை ரொம்பத் தனிமைப்பட்ட மனிதராகப் பார்த்தது. அவர் பின்னால் எழுதியது வேறு. அந்த நிமிடங்களில் அவருக்குப் பயமோ தனிமையோ இல்லை, ஒரு நிறைவும் ஏறக்குறைய களிப்பும் இருந்தன. இதைப் படித்தபோது கொஞ்சம் திகைத்துப்போனேன். அப்படியானால் அவருக்காக நாம் பட்ட தனிமை யாருடையது? அது நம்முடையதுதான். போனவருக்காகக் காத்து இருப்பவர்களுடையது. அந்த 48 நிமிடமும் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அது வேலை நேரம். ரேடியோவின் இந்த முனையில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது காத்திருப்பு. பிரிந்தவர் வருவார் என்று காத்திருக்கும் இருத்தல்தான் முல்லையின் உரிப்பொருள். விண்வெளிப் படத்தில் நாம் பார்ப்பது பாலை, உள்ளுக்குள் உணர்வது முல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கடிதம் வந்து சேர இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஒருமுறை, பத்து நாளாகக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். அம்மா அன்றைக்கு முழுக்க எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முத்திரையில் இருந்த தேதியைக் காட்டி, "இது எழுதி மூன்று வாரம் ஆச்சும்மா, இந்நேரம் சரியாகியிருக்கும்" என்றேன். "எழுதும்போது இருந்ததே" என்றார் அம்மா. அவருக்கு அந்தக் காய்ச்சல் அன்றுதான் தொடங்கியது. இன்று அந்த வீடியோ செய்திகளைப் பார்க்கும் தகப்பனின் முகத்தில் நான் பார்ப்பது என் அம்மாவை. தொலைவிலிருந்து வரும் செய்தி எல்லாமே முடிந்துபோன ஒன்றைப் பற்றியது, ஆனால் பெறுகிறவருக்கு அது அந்த நிமிடம்தான் நடக்கிறது.

திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. விண்வெளி வீரர் செர்கெய் கிரிகாலேவ் 1991 மே மாதம் சோவியத் யூனியனிலிருந்து மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் மேலே இருக்கும்போதே அந்த நாடு கலைந்துவிட்டது. திரும்பும் நாள் தள்ளிப்போய், 311 நாள் கழித்து 1992 மார்ச்சில் தரையிறங்கினார். இறங்கிய கஜகஸ்தான் தனி நாடாகியிருந்தது. அவர் பிறந்த லெனின்கிராடு மறுபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகியிருந்தது. கருந்துளை எதுவும் தேவைப்படவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்கள் உயிரோடு இருப்பது அங்கேதான். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' 1972-இல் வந்தது. அதில் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் காற்று வரும் துளையில் காகிதக் கீற்றுகளை ஒட்டிவைத்திருப்பார்கள். ராத்திரியில் அது இலைகள் அசைவதுபோலச் சத்தம் போடும். அந்தக் காகிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. 'கிராவிட்டி'யில் செத்துவிடுவோம் என்று முடிவு செய்துவிட்ட பெண்ணுக்கு ரேடியோவில் யாரோ மொழி தெரியாத ஒருவரின் குரல் கிடைக்கும். பின்னால் நாய் குரைக்கும், குழந்தை அழும். அவளும் அந்த நாயோடு சேர்ந்து ஊளையிடுவாள். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' குளிர்ந்த படம் என்று பலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதில் ஒரு விஞ்ஞானி விண்வெளியிலிருந்து தன் சின்ன மகளைக் கூப்பிட்டு, உன் பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார். அவள் பெரிதாக வருத்தப்படாமல் ஒரு பிராணியைப் பரிசாகக் கேட்கிறாள். அப்புறம் அந்தப் படத்தில் கலத்தை நடத்தும் பேசும் கணினி. அதன் நினைவுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது, பயமாக இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் கற்றுக்கொடுத்த பழைய பாட்டைப் பாடிக்கொண்டே குரல் தேய்ந்து அடங்கும். 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஒரு கணினியைப் பாட வைத்தார்கள், அதே பாட்டுதான் அது. ஒரு இயந்திரம் சாகும்போது தன் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது. அந்தக் காட்சியில் இசைக்கருவி ஒன்றும் கிடையாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நண்பரிடம் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு இடத்தில் நண்பர் பக்கம் நான் நிற்பேன். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்திலேயே அன்பு என்பது காலத்தையும் வெளியையும் கடக்கும் சக்தி என்று ஒரு பாத்திரம் வாய்விட்டுப் பேசும். அந்த வசனம் எனக்கு வேண்டாம். அன்பு கடக்க முடியாமல் நின்றதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம். கடக்க முடியாததால்தானே அழுதோம்.

கடைசியாக ஒன்று. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிய 'ஃபர்ஸ்ட் மேன்' 2018-இல் வந்தது. அது கற்பனைப் பயணம் இல்லைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமான முடிவு எந்தப் படத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. நிலவிலிருந்து வந்தவர்களை, கிருமி ஏதும் கூட வந்திருக்குமோ என்ற பயத்தில் மூன்று வாரம் தனிமைப்படுத்தி வைத்தார்கள். மனைவி பார்க்க வருகிறாள். நடுவில் கண்ணாடி. இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை. ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் போய் அவ்வளவும் திரும்பி வந்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது ஒரு கண்ணாடியின் தடிமன். அவர் தன் விரல்களை முத்தமிட்டுக் கண்ணாடியில் வைக்கிறார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் விரல்களை இந்தப் பக்கம் வைக்கிறாள்.

பார்க்கவில்லை என்றால் பாருங்கள். கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள் என்று அப்புறம் எழுதுங்கள்.