அமெரிக்கப் போலீஸ் அந்த நீளமான பெரிய கார்களை விட்டுவிட்டு எஸ்யூவிக்கு மாறியது ஏன்?

டல்லாஸ் பக்கம் இருந்தபோது என் அறைத்தோழன் ஏலத்தில் ஒரு பழைய போலீஸ் கார் எடுத்து வந்தான். ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. கூரையில் விளக்கைக் கழற்றிய ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாது. ராத்திரியில் இறங்குகிற போலீஸ்காரர் வெளிச்சத்தில் குறியாகிவிடக் கூடாதாம். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. மளிகைக்கடை வாசலில் என்னைப் பின்சீட்டில் விட்டுப் போனவன் திரும்பி வரும்வரை கைதி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

லாரிக்குப் போல தனி சேஸ் என்கிற அடிச்சட்டம், மேலே பாடி, முன்னால் 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், பின்சக்கர டிரைவ். நடைபாதையில் ஏற்றினாலும் தாங்கும், இடித்துக்கொண்டு வந்தாலும் சரிசெய்து மறுபடி ரோட்டில் விடலாம். வேகத்துக்காகப் புகழ்பெற்ற வண்டி இது இல்லை. அந்தப் பெயர் 7.2 லிட்டர் எஞ்சினோடு வந்த 1969 டாட்ஜ் பொலாரா போலீஸ் காருக்குத்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வண்டிகளும் எஞ்சின்களும் சுருங்கின.

கிரவுன் விக்டோரியா கொடிகட்டிப் பறந்ததற்குப் போட்டியாளர் ஒதுங்கியதும் ஒரு காரணம். செவ்ரோலெ கேப்ரிஸ்தான் பல ஊர் போலீசின் செல்லப்பிள்ளை. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை நிறுத்தி, டெக்சாஸ் ஆர்லிங்டன் ஆலையைப் பெரிய எஸ்யூவிகளுக்குத் திருப்பியது. இன்று போலீஸ் ஓட்டுகிற செவ்ரோலெ டாஹோ எஸ்யூவி அதே ஆலையில் இருந்துதான் வருகிறது!

கிரவுன் விக்டோரியாவுக்கும் ஒரு கரும்புள்ளி உண்டு. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. சாலையோரம் நிற்கிற போலீஸ் காரில் பின்னாலிருந்து யாராவது வேகமாக மோதினால் தீப்பிடிக்கும். அப்படிப் போலீஸ்காரர்கள் இறந்தும் இருக்கிறார்கள். ஃபோர்டு டேங்கைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் கொடுத்தது, பிறகு தீயணைப்புக் கருவியையும் கூடுதல் வசதியாகத் தந்தது. 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் கடைசி வண்டி இறங்கியது.

அதற்குப் பதிலாக ஃபோர்டு தன் டாரஸ் காரை போலீஸ் வண்டியாக்கினார்கள். வேகத்தில் குறையில்லை, இடம்தான் போதவில்லை. முன் சீட்டுகளுக்கு நடுவில் லேப்டாப், வயர்லெஸ். இடுப்பில் துப்பாக்கி, கைவிலங்கு, டார்ச் தொங்கும் பெல்ட். இத்தனையோடு ஒரு ஷிப்டில் முப்பது தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கூடவே வந்த ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியில் சீட்டு உயரம், பின்னால் சாமான் வைக்க இடம். போலீஸ் அதை அள்ளிக்கொண்டது. டாரஸ் 2019இல் முடிந்தது. கார்களில் டாட்ஜ் சார்ஜர் மட்டும் 2023 வரை தாக்குப்பிடித்தது.

என்னைக் கேட்டால், சினிமாவில் காட்டுகிற துரத்தலை வைத்து இந்த வண்டிகளை எடைபோடக் கூடாது. இவை பெரும்பாலும் எஞ்சின் ஓடியபடியே நிற்கின்றன. ஒரு மணி நேரம் அப்படி நின்றால் சுமார் 33 மைல் ஓடிய தேய்மானம் என்று ஃபோர்டே கணக்குச் சொல்கிறது. 2020 எக்ஸ்ப்ளோரர் ஹைபிரிட் வந்த பிறகு, நிற்கும்போது விளக்கையும் வயர்லெஸையும் பேட்டரி பார்த்துக்கொள்கிறது, எஞ்சின் அவ்வப்போது மட்டும் ஓடினால் போதும்.

அறைத்தோழனின் கார் ஹைவேயில் பின்னால் வந்தாலே எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள், அவனுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். இப்போது கண்ணாடியில் வெள்ளை எக்ஸ்ப்ளோரர் தெரிந்தால் நான் பிரேக்கில் கால் வைக்கிறேன். பக்கத்தில் வந்து தாண்டும்போது பார்த்தால் பின்சீட்டில் இரண்டு குழந்தைகள்.