எந்த விபத்துச் செய்தியைப் பேசலாம்?

கேள்வி: எங்கள் கார் உரிமையாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விபத்துப் படங்கள் வந்து விழுகின்றன. அட்மினாக எதை விடுவது, எதை நீக்குவது?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: படம் எவ்வளவு கோரம் என்பது கணக்கே இல்லை. படித்தவர்களில் ஒருவராவது நாளை வண்டியை எடுக்கும்போது எதையாவது மாற்றிச் செய்வாரா, அதுதான் கேள்வி. வண்டி எதன்மீது மோதியது, எந்தப் பக்கம் அடி, யார் எந்த சீட்டில் இருந்தார்கள், பெல்ட் போட்டிருந்தார்களா, அந்த இடத்தில் சாலை எப்படி? இவை தெரியாவிட்டால் பேச்சு கம்பெனியைத் திட்டுவதில்தான் போய் நிற்கும்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். பாலத்தை ஒட்டி மூன்று தடம் இரண்டாகக் குறுகுகிறது. இது பேச வேண்டிய செய்தி, இறந்தவர் பிரபலம் என்பதற்காக அல்ல. கார் சட்டென நின்றாலும் பெல்ட் போடாதவர் அதே வேகத்தில் முன்சீட்டின் முதுகில் போய் இடிப்பார். முன்னால் இருப்பவருக்கும் ஆபத்து. பின்சீட்டிலும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனாலும் நம் ஊரில் பின்சீட் பெல்ட்டின் கொக்கி பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில்தான் கிடக்கிறது.

கேள்வி: 'ஏர்பேக் விரியவில்லை' என்று வரும் படங்களை நம்பலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: படத்தைப் பெரிதாக்கி அடி விழுந்த உயரத்தைப் பாருங்கள். நின்ற லாரிக்குள் புகுந்த காரில் பம்பர் ஏறக்குறைய முழுசாக இருக்கும். பானெட்டின் மேல்புறமும் கண்ணாடியை ஒட்டிய தூண்களும்தான் நசுங்கியிருக்கும். முன்பக்க ஏர்பேக் விரிய வேண்டுமானால் கார் முன்னோக்கிப் போகையில் வேகத்தைச் சட்டென்று இழக்க வேண்டும். லாரியின் வால் பம்பருக்கு மேலே இருப்பதால் முன்சட்டத்தில் நேரடி அடி விழாது, சென்சாருக்குப் போதிய அதிர்வு போகாமல் போகலாம். பின்னாலிருந்து இடிபட்டு முன் ஏர்பேக் விரியாததும் பழுதல்ல.

முன்பக்கம் நேராகச் சப்பி, பெல்ட்டும் போட்டு, அப்படியும் விரியவில்லை என்றால் தாராளமாக விவாதியுங்கள். புல் கார்டு (பம்பருக்கு முன்னால் மாட்டும் உலோகச் சட்டம்) மாட்டியிருந்தார்களா என்று முதலில் கேளுங்கள். அது அடி சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே மாற்றும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. செகண்ட் ஹேண்ட் வண்டியா என்பதும் முக்கியம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், ஒரு ரெசிஸ்டரை (சின்ன மின்தடைத் துண்டு) செருகி எச்சரிக்கை விளக்கை ஏமாற்றும் வேலை நடக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ரெசிஸ்டர் வித்தையோ விளக்கில் தெரியாது. ஏர்பேக் மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய படத்தைப் புதிதென்று அனுப்பினால்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பல நேரம் அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஊர், தேதி, வழக்குப் பதிவான காவல் நிலையம் மூன்றும் இல்லாத ஃபார்வர்டை நிறுத்தி வையுங்கள். முகமோ நம்பர் பிளேட்டோ தெரிகிற படத்தை மட்டும் விசாரிக்காமலே நீக்கிவிடுங்கள். அந்த வீட்டுக்கு இன்னும் தகவல் போகாமல் இருக்கலாம்.