ஜன்னல் கம்பியில் பழைய பெயிண்டை முழுவதும் சுரண்ட வேண்டுமா?

பழைய வீட்டின் ஜன்னல் கம்பிகளில் எனாமல் உரிகிறது, முழுவதையும் சுரண்டிய பிறகுதான் புதிதாக அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. இரும்பை இறுகப் பற்றியிருக்கும் பெயிண்டே நல்ல அடித்தளம். பளபளப்பு மங்கும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தால் போதும். உரிந்த இடங்களில் மட்டும் கம்பி பிரஷ்ஷால் துரு போகும்வரை தேயுங்கள். கம்பி மரச்சட்டத்துக்குள் நுழையும் மூலையை முதலில் பாருங்கள். மழைநீர் தங்குவது அங்கேதான். பெயிண்ட் குமிழாக எழும்பியிருக்கும், குத்தினால் பழுப்புத் துரு கொட்டும்.

தேய்க்கும்போது பறக்கும் தூசிதான் எனக்குப் பெரிய கவலை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் அதிகமாக இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டி உரிக்கவே உரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை வாங்குங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கம்பி நன்றாக உலர்ந்ததும் அன்றைக்கே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பு ஓர் இரவிலேயே மறுபடி துருவேறத் தொடங்கும். பிரைமர் காய்ந்த பிறகு எனாமலை மெல்லியதாக இரண்டு முறை.