வாசகர் கேள்வி – பதில்: லீ மூ பாய் ஏன் முன்பே சொல்லவில்லை?

கேள்வி: ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ என்ற சீனப் படத்தை அண்மையில்தான் பார்த்தேன். லீ மூ பாயும் யூ ஷூ லியனும் ஒருவரையொருவர் உயிராய் நேசிக்கிறார்கள். குறுக்கே நிற்கப் பெற்றோரும் இல்லை, பகைவரும் இல்லை. பிறகு ஏன் சாகும்வரை வாய் திறக்காமல் இருந்தார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குறுக்கே ஒருவர் நிற்கிறார், அவர் இறந்துபோனவர் என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷூ லியனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளை, லீ மூ பாய்க்கு உடன்பிறவாச் சகோதரர். லீ மூ பாயின் உயிரைக் காக்கப் போரிட்டு மாண்டவர். தன்னைக் காப்பாற்றியவனுக்கு மனைவியாக வேண்டியவளைத் தான் மணப்பது துரோகம் என்று அவரும், இறந்தவரின் நினைவுக்குத் தான் கட்டுப்பட்டவள் என்று ஷூ லியனும் எண்ணிக்கொள்கிறார்கள். கதை நடக்கும் 18ஆம் நூற்றாண்டுச் சிங் பேரரசில், நிச்சயித்த மணமகன் இறந்த பின்னும் வேறு திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த பெண்களை அரசே போற்றிப் பாராட்டியது. கற்புக்கும் விசுவாசத்துக்கும் எழுப்பப்பட்ட கல் தோரண வாயில்களை ஆன்ஹுய் மாகாணத்தில் இன்றும் காணலாம். ஆகவே அவர்களுடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் மானம் என்று பெயர் பெற்றிருந்தது அதுதான்.

வழியில் ஒரு மண்டபத்தில் இருவரும் அமர்ந்து தேநீர் அருந்தும் காட்சியை மறுபடியும் பாருங்கள். லீ மூ பாய் ஷூ லியனின் கையைப் பற்றித் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறார். வாள் பயிற்சியால் காய்த்துப்போன அந்தக் கையைத் தொடும் துணிவு இத்தனை காலம் தனக்கு வரவில்லை என்கிறார். பிடித்துவைத்துக்கொள்ள இவ்வுலகில் எதுவும் இல்லை என்று தன் குருவிடம் கற்ற பாடத்தை அவர் சொல்லும்போது, சற்று முன் நீங்கள் பற்றிய என் கை மெய்யில்லையா என்ற பொருள்பட ஷூ லியன் கேட்கிறாள். இயக்குநர் ஆங் லீ அங்கே கேமராவை அலைக்கழிக்காமல், இரண்டு முகங்களையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகப் பெரிய சண்டைக் காட்சி இதுவே.

முடிவில், நஞ்சேறிய ஊசி தைத்துக் கிடக்கும் அவரிடம், மூச்சை வீணாக்காமல் தியானத்தில் ஒடுங்கும்படி ஷூ லியன் மன்றாடுகிறாள். அவரோ வாழ்க்கை முழுவதையுமே வீணாக்கிவிட்டதாகச் சொல்லி, எஞ்சிய மூச்சை அவளை எப்போதும் நேசித்து வந்ததைச் சொல்வதற்குச் செலவிடுகிறார். அவருடைய வாளை முன்பு திருடிய இளம்பெண் ஜென், மாற்று மருந்தைத் தயாரித்துக்கொண்டு ஓடி வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அடக்கி வைத்த சொல்லை வெளியிடுவதற்கு ஓர் உயிரே விலையாகிற அந்த இடத்தில், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கேள்வி: கூரைக்குக் கூரை தாவுவதும் மூங்கில் நுனியில் நின்று வாள் வீசுவதும் இவ்வளவு அழுத்தமான காதல் கதைக்குப் பொருந்துகின்றனவா?
– வாசகர், மதுரை

பதில்: பொருந்துகின்றன; அவை இல்லாவிட்டால் கதை ஊமையாகிவிடும். சீனத்தில் ‘வூஷியா’ என்று ஒரு கதை மரபு உண்டு. ‘வூ’ என்பது போர்க்கலை, ‘ஷியா’ என்பது அறத்துக்காக வாளெடுப்பவர். அம்மரபில் மூச்சையும் உடலையும் பழக்கியவர் தன் எடையைக் குறைத்துக்கொண்டு நீர்மேலும் மரக்கிளைமேலும் நடப்பார். நம் சித்தர் கதைகளை எப்படி ஏற்கிறோமோ அப்படியே அவர்கள் இதை ஏற்கிறார்கள். சண்டைக் காட்சிகளை அமைத்தவர் யுவென் வூ பிங். நடிகர்களைக் கம்பிகளில் தொங்கவிட்டுப் படம்பிடித்து, பின்னர் கணினியில் கம்பிகளை அழித்தார்கள்.

முதல் சண்டை படம் தொடங்கிக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. வாளைத் திருடிக்கொண்டு ஓடும் ஜென்னை ஷூ லியன் துரத்தும் அந்த இரவுக் காட்சிக்கு, இசையமைப்பாளர் டான் டுன் வெறும் முரசொலியை மட்டுமே தந்திருக்கிறார். ஜென் பறக்கப் பார்க்கிறாள். ஷூ லியன் அவளுடைய பாதத்தை மிதித்தும் ஆடையைப் பிடித்தும் தரைக்கு இழுக்கிறாள். கட்டுப்பாட்டை ஏற்று வாழ்ந்தவளும் அதை உதறத் துடிப்பவளும் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் அந்தக் கால்களே பேசிவிடுகின்றன. பின்னால் வரும் பயிற்சிக்கூடச் சண்டையில் ஷூ லியன் இரட்டை வாள், ஈட்டி, கொக்கி வாள் என்று ஆயுதத்துக்கு மேல் ஆயுதம் எடுக்க, ஒவ்வொன்றையும் ஜென் கையிலுள்ள பச்சை வாள் துண்டிக்கிறது. கடைசியில் முறிந்த வாளையே ஜென்னின் கழுத்தருகே நிறுத்தி, வெட்டாமல் விடுகிறாள் ஷூ லியன்.

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த, ஷூ லியனாக நடித்த மிஷெல் யோ இப்படத்தில் சொந்தக் குரலில்தான் சீனம் பேசினாரா?
– வாசகர், ஈப்போ

பதில்: ஆம். படத்தில் பேசப்படும் சீன மொழியான மாண்டரின் அவருக்குப் பழக்கமான மொழி இல்லாததால், வசனங்களை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். லீ மூ பாயாக நடித்த, ஹாங்காங்கில் பிறந்த சௌ யுன் ஃபாட்டுக்கும் தாய்மொழி மற்றொரு சீன மொழியான கான்டனீஸ்தான். இருவரின் உச்சரிப்பையும் மாண்டரின் பேசும் ரசிகர்கள் பலர் குறை கூறியதுண்டு. படப்பிடிப்பில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகும் மிஷெல் யோ திரும்பி வந்து நடித்து முடித்தார்.

கேள்வி: நஞ்சு ஊசி எய்யும் ஜேட் ஃபாக்ஸ் வெறும் கொடியவள்தானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவள் செய்த கொலைகளுக்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் லீ மூ பாயின் குருவான வூடாங் மலை ஆசான் அவளைப் படுக்கைக்கு ஏற்றுக்கொண்டார், பெண் என்பதால் கலையை மட்டும் கற்றுத்தர மறுத்தார் என்ற அவளுடைய குற்றச்சாட்டைப் படம் எங்கும் மறுக்கவில்லை. திருடி வந்த சுவடியின் எழுத்துகளை அவளால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. படங்களைப் பார்த்தே பழகினாள். அவளிடம் கலை பயின்ற, எழுத்தறிந்த சிறுமி ஜென்னோ, உட்பொருளைப் படித்து ரகசியமாக வளர்ந்து குருவையே மிஞ்சிவிட்டாள். தன் வாழ்வின் ஒரே உறவென்று நம்பிய பிள்ளை தன்னிடமே மறைத்துவிட்டாள் என்பதுதான் அவளுக்கு ஏறிய நஞ்சு. லீ மூ பாயைக் கொன்ற ஊசியை அவள் ஜென்னுக்காகவே வைத்திருந்தாள். அந்த வேடத்தில் நடித்த செங் பெய் பெய், 1966இல் கிங் ஹூ இயக்கிய படமொன்றில் வாளேந்திய இளம் நாயகியாகப் புகழ்பெற்றவர் என்பதை அறிந்து பார்த்தால் அந்தக் கசப்பு இன்னும் ஆழமாகத் தெரியும்.

கேள்வி: தலைப்பின் பொருள் என்ன? ஜென் ஏன் குதிக்கிறாள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ‘பதுங்கிய புலி, மறைந்த டிராகன்’ என்பது, பார்வைக்கு எளிதாய்த் தோன்றும் இடத்தில் பெருந்திறமைகள் ஒளிந்திருப்பதைக் குறிக்கும் பழைய சீனத் தொடர். ஜென்னின் சீனப் பெயரில் டிராகனும், அவள் காதலன் லோவின் பெயரில் புலியும் ஒளிந்திருக்கின்றன.

படத்துக்கு மூலமான வாங் டூலூவின் நாவலில் ஜென் மலையிலிருந்து குதித்தும் பிழைத்துக்கொள்கிறாள். படம் அதைச் சொல்லாமல் விடுகிறது. நோயுற்ற பெற்றோருக்காக மலையிலிருந்து குதித்த இளைஞன் காயமின்றி மிதந்து போனான், உள்ளன்போடு நினைத்தது நடக்கும் என்ற கதையை லோ பாலைவனத்தில் அவளுக்குச் சொல்லியிருந்தான். தன் பிடிவாதத்தால் லீ மூ பாய், ஷூ லியன் இருவரின் வாழ்வு அழிந்ததை அறிந்த அவள், வூடாங் மலையில் லோவிடம் அவன் விருப்பத்தைக் கேட்கிறாள். இருவரும் மறுபடி பாலைவனத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவன் கண்மூடிச் சொல்லி முடித்ததும், அவள் மேகத்துக்குள் இறங்கிவிடுகிறாள்.